பொன்விழாவுக்கு ஒரு வீடியோ பாட்டு

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். காலையில் லேசான பனி. மாம்பலம் ஸ்டேஷனில் பாதிப் பேர் காதில் மஃப்ளர். இந்தப் பனிக்கே இப்படி.

இரண்டாம் வருட விஸ்காம், முதல் பீரியட். பாடம்: பாட்டு வீடியோவை எப்படிப் படிப்பது. போர்டில் எழுதியது –

வரிக்கும் படத்துக்கும் உறவு (ஒத்துப்போகிறதா, கூட்டிச் சொல்கிறதா, முரண்படுகிறதா)
தாளம், வெட்டு
முகம், க்ளோசப்
பார்வை: யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார்
நிறம், உடை, இடம்

வழக்கம்போலப் பார்வையிலேயே மணி அடித்துவிட்டது. எனக்குப் பிடித்த இடம் அது, விடமாட்டேன். வருடா வருடம் கேட்கும் கேள்வியையும் கேட்டேன். பாட்டு ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொன்னால் பார்க்கிறவர் எதை நம்புவார்? படத்தைத்தான். கடைசி பெஞ்சிலிருந்து: "எங்க வீட்ல ரெண்டையுமே நம்ப மாட்டாங்க மேம்." வகுப்பே சிரித்தது. நானும்.

மதியம் மஸ்கட்டிலிருந்து தம்பியின் போன். அப்பா, அம்மாவுக்கு ஐம்பதாவது கல்யாண நாள், பிப். 7. மாதா கோவிலில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் கேக், பிரியாணி. அதெல்லாம் போன மாதமே பேசி முடித்தாயிற்று. இப்போது புதிதாக ஒன்று: மண்டபத்தில் பெரிய எல்.இ.டி. திரை. அதில் அவர்கள் இருவரையும் வைத்து எடுத்த ஒரு வீடியோ பாட்டு.

"ஜூபிலின்னா இப்ப எல்லாரும் பண்றாங்கக்கா. நீ இதைத்தானே பாடம் எடுக்கிற? ஊர்ல இருக்கிற பாட்டுக்கெல்லாம் குத்தம் சொல்ற இல்ல, ஒண்ணு எடுத்துக் காட்டேன்."

ரோஷம் வந்துவிட்டது. சரி என்றேன்.

வாங்க வேண்டியது: தேங்காய், பென்சில் செல், அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

ஜனவரி 21, புதன்

காலேஜிலிருந்து நேரே சாந்தோம், அப்பா வீடு. படி ஏறும்போதே அம்மாவின் குரல். பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள், கண்ணீர் அஞ்சலி விளம்பரம் உட்பட. ஒன்றாம் வகுப்புக்கே காலமெல்லாம் பாடம் எடுத்தவள், பழக்கம் விடவில்லை போலும். அப்பா எதிர் நாற்காலியில். முகம் மட்டும் அம்மா பக்கம் இல்லை. புத்தக அலமாரி பக்கம்.

இதையேதான் கிறிஸ்துமஸ் அன்றும் பார்த்தேன். அம்மா பேச ஆரம்பித்தால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கேட்கிறார், பதில் சொல்கிறார், சிரிக்கக்கூடச் செய்கிறார். அம்மாவைப் பார்ப்பதில்லை. அன்றைக்கே மனசு சுருக்கென்றது. ஐம்பது வருடம் குடித்தனம் நடத்திவிட்டு இப்போது என்ன மனத்தாங்கல்? கேட்கலாம். பதில் வந்துவிடுமோ என்று பயம்.

என்னைப் பார்த்ததும் அப்பாவின் முதல் புகார்: "அந்த ஜன்னல் கம்பியைப் பாரும்மா. வளைஞ்சிருக்கு. வெல்டிங்காரன் வந்து பாத்துட்டு நல்லாத்தான் சார் இருக்குன்னுட்டுப் போயிட்டான்." பார்த்தேன். ஸ்கேல் வைத்தது போல நேராக இருக்கிறது. ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், கோடு நூல் அளவு கோணினாலும் ஆகாது. ஆமாம்ப்பா, லேசா வளைஞ்சிருக்கு என்று சொல்லிவைத்தேன்.

பாட்டு வந்துவிட்டது. கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அந்தோணி அங்கிள் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடியும் அனுப்பிவிட்டார். பல்லவி:

உன்முகம் பார்த்தே என்பொழுது விடியும்
உன்முகம் பார்த்தே கடிகாரம் ஓடும்

கடிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யார் கேட்பது. மெட்டு மட்டும் நன்றாக இருக்கிறது, திரும்பி வரும் பஸ் முழுக்க வாய் முணுமுணுத்தது. சிக்கல் என்னவென்றால் பல்லவி மூன்று தடவை வருகிறது. மூன்று தடவையும் அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஒரு தடவையாவது.

பார்க்காவிட்டால்? மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள். "உன்முகம் பார்த்தே" என்று அங்கிள் உருகுவார், திரையில் அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு மட்டும் இருக்கிற சந்தேகம் அவ்வளவு பெரிய திரையில் ஊருக்கே தெரிந்துவிடும்.

கேமராவுக்குக் கௌஸ். என் பழைய மாணவன், ராயப்பேட்டைக்காரன், கல்யாண வீடியோவில் இப்போது நல்ல பெயர். போன் போட்டேன். "இன்னா மேம், உங்க வீட்டு ஃபங்சன், என்கிட்ட கேட்டுக்கினு இருக்கீங்க? ட்ரோனோட வரேன்." ட்ரோன் வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

ஜனவரி 24, சனி

பட்டினப்பாக்கம் கடற்கரை. வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விட்டோம். கால் வலி. மணல் இன்னும் செருப்பில்.

முதல் தகராறு புடவை. மணல், கடல், காலை வெளிச்சம் எல்லாம் யோசித்து அம்மாவுக்கு இள ஊதாக் காட்டன் எடுத்து இஸ்திரி போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அம்மா கிளிப்பச்சையில் வந்து இறங்கினாள். ஆரஞ்சு பார்டர்.

"அம்மா, கண்ணைக் குத்துதும்மா."

"குத்தட்டும். இதைத்தான் கட்டுவேன்."

போன வருடத்திலிருந்தே இப்படித்தான். அதுவரை சாம்பல், சந்தனம், மிஞ்சிப்போனால் காபிக் கலர். எழுபது தாண்டியதும் கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும். என் நிறத் திட்டம் கடலோடு போயிற்று.

கௌஸ் அப்பாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டினான். "சார், செம மாஸா கீறீங்க!" அப்பா உடனே கழற்றிவிட்டார். "ஒண்ணும் தெரியலப்பா, இருட்டா இருக்கு." நடை எடுத்தோம், நன்றாக வந்தது. கைகோத்துக்கொள்ளச் சொன்னோம், சொல்வதற்கு முன்பே அம்மா பிடித்திருந்தாள். அப்புறம் பல்லவி.

"சார், இப்ப அம்மா மூஞ்சைப் பாருங்க."

அப்பா திரும்பினார். பார்வை அம்மாவின் காதைத் தாண்டி எங்கேயோ.

"சார், போட்டைப் பாக்கறீங்க. அம்மா இங்க கீறாங்க."

"பாத்துட்டுதான்பா இருக்கேன்."

"இல்ல சார், போட்டு."

"விடு தம்பி, அவங்களுக்கு வெக்கம்" என்றாள் அம்மா. கௌஸ் சிரித்தான், அப்பாவும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி, மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் காது, படகு, வானம். கடைசியில் என்னால் அடக்க முடியவில்லை. "ஒரே ஒரு தடவை நேரா அம்மாவைப் பாருங்கப்பா. அது என்ன அவ்வளவு கஷ்டமா?" குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. வாக்கிங் போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

அப்பா திரும்பி நேராக, நான் கேட்ட மாதிரியே, அம்மாவின் முகத்துக்கு நேராகப் பார்த்தார். கௌஸ் எடுத்தான். "சூப்பர் சார்!" சூப்பர்தான். ஆனால் அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. சுவரைப் பார்க்கிறவர் முகம்.

அம்மா அவர் புறங்கையைத் தட்டிக்கொடுத்தாள். என்னைத்தான் முறைத்தாள்.

பிறகு சைக்கிளில் வந்தவரிடம் எல்லோருக்கும் சுக்கு காபி. அதையும் கௌஸ் எடுத்துக்கொண்டிருந்தான், சும்மா இருக்கட்டும் என்று.

ஜனவரி 25, ஞாயிறு

பூசைக்கு மாம்பலத்திலேயே போனேன். சாந்தோம் போக மனசு வரவில்லை. சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துணி ஊறவைத்தேன். பேப்பர் கட்டு திருத்த வேண்டும், தொடவில்லை. "உன்முகம் பார்த்தே" நாக்கை விட்டுப் போகிற பாடில்லை.

ஜனவரி 26, திங்கள்

காலேஜில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். அங்கிருந்து ராயப்பேட்டை, கௌஸ் வீட்டு மாடி. அவனுடைய அம்மா டீயும் உப்பு பிஸ்கட்டும் மேலே அனுப்பிவைத்தார்.

பல்லவியில் முதலில் அந்த நேர்ப் பார்வை ஷாட்டைப் போட்டோம். பாட்டும் படமும் ஒத்துப்போகிறது, பாடத்தில் உள்ளபடி. பார்க்கச் சகிக்கவில்லை. அதை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டால் அப்பா முகம் இளகி, உதட்டோரம் சிரிப்பு கட்டி நிற்கிறது. பார்வை மட்டும் படகில். பாட்டுக்கு நேர் முரண்.

எரிச்சலில் மாணவர்களுக்குக் கொடுக்கும் தாளிலேயே ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறிப்பு எழுதினேன். பார்க்கப்படுபவர்: அம்மா. பார்க்க வேண்டியவர்: அப்பா. பார்வையை மறுக்கிறார். மறுப்பவர் கையில்தான் அதிகாரம். நன்றாக எழுதியிருப்பதாக ஒரு நினைப்பு வேறு, கௌஸிடம் படித்தும் காட்டினேன். அழாமல் படித்ததே பெரிது.

கௌஸ் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே, "மேம், ஒரு டவுட்டு. சார் காபியையும்தான் பாக்கல" என்றான்.

"என்ன?"

வீணான துண்டுகளை ஒவ்வொன்றாக ஓட்டினான். சுக்கு காபி டம்ளரை வாங்கும்போது அப்பா பார்ப்பது டம்ளருக்குப் பக்கத்தில். கழற்றிவைத்த செருப்பைத் தேடும்போது செருப்புக்குப் பக்கத்தில். தலைக்கு மேல் ட்ரோன், அவர் பார்ப்பது அதற்கு ஒரு முழம் தள்ளி. ஒரு நாய் வந்து வாலை ஆட்டுகிறது, அதையும் அப்படியே.

"சுக்கு காபி மேலயும் கோவமா மேம்?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு பாதியில் நின்றது. ஜன்னல் கம்பி. உரக்கப் படிக்கிற பேப்பர். இருட்டாக இருந்த கூலிங் கிளாஸ். கிளிப்பச்சை.

கௌஸ் திரையில் அப்பாவை அப்படியே நிறுத்திவிட்டு, "போய்ட்டு வந்துடுங்க மேம்" என்றான்.

மாலை, அதே நாள்

ஆட்டோ பிடித்துப் போனேன். அப்பா நாற்காலியில், அம்மா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்றேன்.

"அப்பா, என் முகம் தெரியுதா?"

அப்பா தலையை மெல்ல அலமாரிப் பக்கம் திருப்பினார். "இப்பத் தெரியுது. அழுதிருக்கே."

அப்புறம்தான் எல்லாம் வந்தது. முதலில் கோடுகள் வளைந்தன, போன வருடமே. பிறகு இரண்டு கண்ணிலும் நடுவில் மங்கல். தி. நகரில் ஒரு கண் டாக்டர். மாதாமாதம் இவர்கள் இருவரும் அங்கே பஸ் ஏறிப் போனதைத்தான் நான் துணிக்கடைக்குப் போகிறார்கள் என்று கேலி செய்துகொண்டிருந்தேன். ஒரு கண்ணில் ஊசி போட்டு, மேலும் மோசமாகாமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் போனது போனதுதான். ஓரப் பார்வை இரண்டிலும் நன்றாக இருக்கிறது, அது போகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"நேரா பாத்தா நடுவுல ஒரு கறை நிக்குதும்மா. உங்கம்மாவோட சேலை தெரியுது, கை தெரியுது, மூஞ்சி இருக்காது. கொஞ்சம் காதுப் பக்கமா தள்ளிப் பாத்தா வந்துடறா."

"சனிக்கிழமை நேரா பாத்தீங்களேப்பா."

"நீ கேட்டே, பாத்தேன். அப்ப அவளைப் பாக்கலை."



கத்தினேன். மகளிடம் சொல்ல முடியாதா, நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று. அம்மா கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. "சொன்னா நீ விழாவை நிறுத்துவே. உன் தம்பி அடுத்த ஃப்ளைட்ல வந்து ரெண்டு பேரையும் மஸ்கட்டுக்கு மூட்டை கட்டுவான்." அப்பா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார், அம்மாவுக்குக் கேட்காது என்ற நினைப்பு: "அன்னிக்கு வரவங்க எல்லாம் என் கண்ணைப் பத்தியே விசாரிச்சுட்டிருப்பாங்க. அவளுக்குன்னு ஒரு நாள் வேணாமா? முடியட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கறேன்."

"கிளிப்பச்சை?" என்றேன் அம்மாவிடம்.

"கூட்டத்துல என்னைக் கண்டுபிடிக்க வேணாமா இவங்க?" கீரைக் காம்பை முறத்தில் போட்டாள். "நல்லவேளை, உனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே வாரத்துல மூணு நாள் நீ வந்து பேப்பர் படி. எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

ஜனவரி 28, புதன்

டாக்டர் சீட்டு, சொட்டு மருந்து எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டேன். அடுத்த தடவை நானும் போகிறேன். இனி பஸ் கிடையாது என்று அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் முன் சீட்டு நன்றாக இருக்கும் என்கிறார்.

ஜன்னல் கம்பி வளைந்திருக்கிறது என்று நான் சொன்னதை அப்பா நம்பியிருக்கிறார். அம்மாதான் சொன்னாள். அன்று ராத்திரி ரொம்ப நிம்மதியாகத் தூங்கினாராம்.

ஜனவரி 31, சனி

எடிட்டிங் பாக்கி. இப்போது வேறு கவலை. யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. கௌஸுக்கு மட்டும் விலக்கு. மண்டபத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. காதுப் பக்கம் பார்க்கிற அப்பாவைப் போட்டால், பெண்டாட்டி முகம் பார்க்காத மனுஷன் என்று நினைப்பார்கள். நானே நினைத்தேனே. நேர்ப் பார்வையைப் போட்டால் ஊருக்குச் சரியாக இருக்கும், எனக்குப் பொய்யாக இருக்கும்.

கௌஸ்: "கண்ணை மட்டும் திருப்பி வெக்க சாஃப்ட்வேர் கீது மேம். ஒரே க்ளிக்." செய்தும் காட்டினான். அப்பா சிரித்தபடி அம்மாவின் கண்ணுக்குள் பார்க்கிறார். குறை சொல்ல முடியாத ஷாட். யாரோ ஒரு வயதானவர், சோப்பு விளம்பரத்தில் வருகிறவர்.

முடிவெடுக்க முடியாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாந்தோம் போய் அம்மாவிடம் மூன்றையும் காட்டினேன். அப்பா உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். நேர்ப் பார்வை: "ஐயோ, இது வேணாம். இது நீ திட்டினப்ப எடுத்தது." சாஃப்ட்வேர்: "இது யாரு?" மூன்றாவது, காதோரப் பார்வை. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரைக்குக் கிட்டே போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் பாப்பாங்களா என்னை?" என்றாள். "நான் எதிர்ல நின்னுட்டு இருக்கேன், எனக்கு இது தெரியறதே இல்ல. அவங்க மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கும், நான் இந்தப் பக்கமிருந்து பேசிட்டே இருப்பேன்."

பல்லவி மூன்றிலும் அதையே போடச் சொல்லிக் கௌஸுக்கு மெசேஜ். பதிலுக்கு ஒரு கட்டை விரல்.

பிப்ரவரி 4, புதன்

வகுப்பு. பார்வை பற்றி மிச்சம் வைத்திருந்ததை முடித்தேன். ஒரு பெண் கேட்டாள், "ஒருத்தர் பாக்கறாரா இல்லையான்னு ஷாட்டை வெச்சு எப்படி மேம் கரெக்டா சொல்றது?" போன மாதமாக இருந்தால் பதில் தயாராக இருந்திருக்கும். அதே ஆள் மற்றதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார் என்றும் பார், அதற்கப்புறம் எழுது என்றேன். நோட்டில் குறித்துக்கொண்டார்கள், பரீட்சைக்கு வரும் என்று நினைத்து.

சாந்தோம் போய்ப் பேப்பர் படித்தேன். கண்ணீர் அஞ்சலி உட்பட. அதுதான் அப்பாவுக்கு வேண்டுமாம், தெரிந்தவர் யாராவது இருப்பார்கள் என்று.

தம்பி வெள்ளி வருகிறான். அம்மாவுக்குச் சந்தன நிறப் பட்டு வாங்கியிருக்கிறானாம். பாவம்.

பிப்ரவரி 7, சனி

வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவாமல் எழுதுகிறேன். மறந்துவிடக்கூடாது.

பூசை நன்றாக நடந்தது. சந்தனப் பட்டு பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. கோவில் முழுக்க வெள்ளையும் சந்தனமுமாக இருக்க, நடுவில் அம்மா கிளிப்பச்சையில். தம்பிக்கு முகம் தொங்கிப்போயிற்று. ராத்திரி அப்பாவே அவனிடம் சொல்லிக்கொள்வார்.

மண்டபத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். முதல் பல்லவி. அப்பா முகம் திரை நிறைய, பார்வை அம்மாவின் காதோரம், உதட்டில் அந்தச் சிரிப்பு. எனக்குப் பின் வரிசையில் ஓர் அத்தை: "இந்த வயசுல வெக்கத்தைப் பாரேன் இவருக்கு!" பக்கத்திலிருந்தவள்: "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, டிவியைத் தவிர எதையும் பாக்காது." இரண்டாவது பல்லவிக்கு விசில். மூன்றாவதில் மண்டபமே கூடப் பாடியது, கடிகாரம் உட்பட. அந்தோணி அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா முன் வரிசையில் திரைக்கு ஓரமாக முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்த்தார். அதையும் வெட்கம் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மேடையில் கேக். இருவருக்கும் மாலை. அம்மா கையில் மைக், எல்லோருக்கும் நன்றி சொல்ல. ஸ்டில் எடுக்கத் தம்பி அமர்த்திய ஆள் கீழே மண்டியிட்டு, "சார், ஒரு போட்டோ, அம்மாவைப் பாருங்க" என்றார். அப்பா திரும்பினார். "சார், அங்க இல்ல. அம்மா முகத்தைப் பாருங்க. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் சார்."

அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் தலையை நேராகத் திருப்பப் போனார். அம்மா அவர் தாடையில் கைவைத்து, இருந்த இடத்துக்கே திருப்பிவைத்தாள். மைக் வாயருகே இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"என்னைத்தான் பாத்துட்டு இருக்காங்க. நீங்க எடுங்க."